பாதாளக்கரண்டிக்கு ஒரு செம்பு

அந்தக் காருக்கு ஆமை என்று பெயர் வைத்தது கமர் நிஷாதான். தரையிலும் போகும், தண்ணீரிலும் போகும், உடம்பெல்லாம் பச்சை, வேகமும் அவ்வளவுதான். வேறு என்ன பெயர் வைப்பது?

காரைக் கட்டியவர் அவள் தோழி சித்ரலேகாவின் அப்பா அம்மையப்பன். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் பட்டறை ஆசிரியர். தச்சநல்லூரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பழைய ஆட்டோ எஞ்சின், யாரோ தூக்கிப் போட்ட தகடுகள், நான்கு சின்னச் சக்கரங்கள், பின்பக்கம் தண்ணீரைத் தள்ள ஒரு விசிறி. இரண்டு வருடம் ஞாயிறுதோறும் தட்டிக்கொண்டே இருந்தார்.

"காரு ஓடுதோ இல்லையோ, தெருவுல பாதிப் பேருக்குக் காது போச்சு" என்பாள் அம்மா பிரம்மநாயகி.

லேகாவுக்கும் நிஷாவுக்கும் பதினொரு வயது. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. நிஷாவின் வீடு தெருமுனையில் இருந்தது. ஞாயிறு விடிந்தால் அவள் கொட்டகைக்கு வந்துவிடுவாள்.

காருக்குப் பச்சை வண்ணம் பூசியது லேகா. ஒழுகல் கண்டுபிடிப்பது நிஷாவின் வேலை. அப்பா காருக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். நிஷா அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சத்தம் போடுவாள்.

"மாமா, இங்கன ஒழுகுது! ஐயோ, என் மூக்குலயே ஒழுகுது!"

அப்பா அந்த இடத்தில் தார் பூசுவார். பாதித் தார் நிஷாவின் தலைமுடியில் ஒட்டும். அவளுடைய உம்மா ஆபிதா பீவி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு நன்றாகத் திட்டுவாள். அடுத்த ஞாயிறு நிஷா மறுபடியும் காருக்கு அடியில் கிடப்பாள்.

"ஆமை தண்ணியில எறங்குத அன்னைக்கு நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காரணும், என்னட்டி?" என்பாள் நிஷா.

"பின்ன?" என்பாள் லேகா.

காரில் இருந்தவை இரண்டே இருக்கைகள். அதில் ஒன்று ஓட்டுகிறவருக்கு. இது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

1995ஆம் வருடம் அரைப் பரீட்சை முடிந்த வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. நிஷாவின் வாப்பா குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் கடை போடுகிறார், ஞாயிற்றுக்கிழமை குடும்பமே அங்கே போகிறது என்பது ஒன்று. சனிக்கிழமை ஆமையைக் குளத்தில் இறக்கப் போகிறார்கள், படம் எடுக்கப் பத்திரிகைக்காரர் ஒருவர் வருகிறார் என்பது இன்னொன்று.

அப்போதுதான் லேகா இருக்கைகளை எண்ணிப் பார்த்தாள்.

அப்பா என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். 'நிஷா ஊருக்குப் போறாள்லா, அவ ஏறட்டும்' என்பார். பத்திரிகையில் தன் படம் வரும் என்று லேகா வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பக்கத்து வகுப்பிலும் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிஷா ஓடி வந்தாள். "நாளைக்கா எறக்குதாங்க?"

"இல்லட்டி" என்றாள் லேகா. "அப்பாவுக்கு லீவு கெடைக்கல. அடுத்த வாரந்தான்."

நிஷாவின் முகம் வாடிப் போயிற்று. "அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேனே."

லேகா சுவரைப் பார்த்தாள்.

"சரி, போட்டும். நல்லா ஓடுனதும் எனக்குக் கடுதாசி போடு" என்றாள் நிஷா. "எங்கனயாவது ஒழுகுச்சான்னு மறக்காம எழுது, என்ன?"



சனிக்கிழமை காலையில் அப்பா ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அங்கன என்ன பாக்கிய?" என்றாள் அம்மா.

"நடுக்குளத்துல காரு அசையாம நிக்கணும். நங்கூரம் வேணும்லா? இந்தக் குழவி நல்ல கனமா இருக்கு."

"என் குழவியையா? நான் மாவு ஆட்டுத கல்லை மீனுக்குக் காட்டப் போறியளா?"

"கிரைண்டர் வந்த பெறகு நீ எங்க ஆட்டுத?"

அப்பா துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக் குழவியின் கழுத்தில் கட்டினார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார்.

"நிஷா எங்க?"

"அவ வரல. சாமான் கட்டுத வேலை இருக்காம்" என்றாள் லேகா. முதல் பொய்யை விட இரண்டாவது பொய் சுலபமாக வந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆமை டபடபவென்று தெருவில் கிளம்பியது. தெருமுனை வந்தபோது லேகா நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தை ஆணி அடித்து வைத்தது போல அப்படியே இருந்தாள்.

ஊருக்கு வடக்கே இருந்த குளம் மார்கழிக்கு நிறைந்து கிடந்தது. ஒரு ஓரத்தில் தாமரை இலைகள். தண்ணீரில் அலையே இல்லை. ஆமை கரையில் இறங்கியது. சக்கரம் நனைந்தது. ஒரு குலுக்கு. அவ்வளவுதான், மிதந்தது!

அப்பா குனிந்து தரைத் தகட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு சிறு பையனைப் போலக் கத்தினார். "ஒரு சொட்டு ஒழுகல, லேகா! எல்லாம் நிஷா பார்த்த பார்வை!"

லேகா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

கரையில் பத்திரிகைக்காரர் நாறும்பூநாதன் கேமராவோடு நின்றார். "ரோல்ல ரெண்டே படந்தான் மிச்சம் இருக்கு! அசையாம இருங்க வே!" என்று கத்தினார்.

தண்ணீர் அசையவில்லைதான். ஆனால் மெல்லிய காற்று ஒன்று இருந்தது. அது காரைப் பைய நகர்த்திக்கொண்டே போனது.

"நங்கூரத்தைப் போடு, லேகா!"

லேகா குழவியைத் தூக்கிப் போட்டாள். தொபுக்கென்று விழுந்தது. கயிற்றை இழுத்தாள். அது லேசாக வந்தது. நுனியில் சுருக்கு மட்டும் இருந்தது. வழவழவென்று இருந்த குழவி நழுவி அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆமை தன் பாட்டுக்குத் திரும்பியது. நாறும்பூநாதன் பொத்தானை அழுத்தியபோது கேமராவுக்குக் காரின் பின்பக்கம்தான் தெரிந்தது. அதோடு நிற்காமல் ஆமை தாமரைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கொடிகளை அறுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். லேகாவும் கரையோரத்தில் இறங்கிப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணாச்சி, ஒரு படம் போச்சு" என்றார் நாறும்பூநாதன். "எனக்கு ஜங்ஷன்ல ஒரு வேலை இருக்கு. நாலு மணிக்கு வாரேன். இன்னும் ஒரே படந்தான். அப்பமாவது நிக்குமா?"

அவர் மொபெட்டில் போன பிறகு அப்பா ஈரத் துணியோடு கரையில் உட்கார்ந்தார். "கனம் மட்டும் இருந்தாப் போதாது. சேத்தைக் கவ்விப் பிடிக்கணும். கொக்கி கொக்கியா ஏதாவது..."

லேகாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. பாதாளக்கரண்டி!

அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. வாளி உள்ளே விழுந்தால் எடுப்பதற்குப் பாதாளக்கரண்டி வேண்டும். ஓர் இரும்பு வளையம், அதைச் சுற்றிலும் வளைந்த கொக்கிகள். கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் வாளியின் காதில் எப்படியாவது மாட்டிக்கொள்ளும். தெருவுக்கே ஒன்றுதான் இருந்தது, அது நிஷா வீட்டில் இருந்தது.

அதை இரவல் வாங்க ஒரு வழக்கம் உண்டு. செம்போ குடமோ ஏதாவது ஒரு பாத்திரத்தை அவர்கள் வீட்டில் வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். கரண்டி திரும்பி வந்தால் பாத்திரம் திரும்பும். பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேச்சே கிடையாது. எல்லோரும் வைத்தார்கள்.

லேகா மட்டும் வைத்ததில்லை. "நம்ம புள்ளைக்கு என்னத்துக்குச் செம்பு?" என்று ஆபிதா பீவி அத்தை ஆணியிலிருந்து எடுத்து அப்படியே கொடுத்துவிடுவாள்.

நிஷா வீட்டில் எங்கு பார்த்தாலும் மூட்டைகள். நடுவில் உட்கார்ந்து நிஷா புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாதாளக்கரண்டி வேணும்" என்றாள் லேகா. "வாளி கிணத்துல விழுந்துட்டு."

மூன்றாவது பொய்.

நிஷா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தாள். பாவாடை ஓரம் நனைந்திருந்தது. காலில் குளத்துச் சேறு. சேற்றில் ஒரு துண்டுத் தாமரைக் கொடி.

நிஷா எழுந்து போய்க் கரண்டியை எடுத்து வந்தாள். நீட்டினாள். பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"செம்பு எங்க?"

"என்ன செம்பு?"

"கரண்டி வாங்கணும்னா செம்பு வைக்கணும்லா. எல்லாரும் வைக்காங்க."

உள்ளேயிருந்து ஆபிதா பீவியின் குரல் கேட்டது. "ஏட்டி, லேகாட்டயா செம்பு கேக்க?"

"ஆமா உம்மா. இன்னைக்கு வைக்கட்டும்."

நிஷா திட்டியிருந்தால் லேகா திருப்பித் திட்டியிருப்பாள். இதற்கு என்ன செய்வது? வீட்டுக்கு நடந்தாள். அடுக்களையில் இருந்த சின்னப் பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அதை வைத்துவிட்டுக் கரண்டியை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"வாளி விழல" என்றாள்.

"தெரியும்."

"இன்னைக்குத்தான் ஆமையைத் தண்ணியில எறக்குனோம்."

"அதுவும் தெரியும்" என்றாள் நிஷா. "காலையில சத்தம் கேட்டுச்சு. நம்ம ஆமை சத்தம் எனக்குத் தெரியாதா? நீங்க கூப்பிடத்தான் வாரீங்கன்னு வாசலுக்கு ஓடி வந்தேன். நீ திரும்பியே பாக்காமப் போன."

"பேப்பர்ல என் படம் வரணும்னு நெனச்சேன். அதான் பொய் சொன்னேன். நாலு மணிக்கு மறுபடியும் எறக்குதோம். நீ வாட்டி. சீட்டு உனக்குத்தான். நான் கரையில நிக்கேன்."

"எனக்கு வேண்டாம்."

செம்பை வாங்கி வைத்துவிட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்தாள் நிஷா. பிறகு உட்கார்ந்து புத்தகம் கட்டத் தொடங்கினாள்.

நான்கு மணி ஆகப் போகும்போது அப்பா துணிக்கயிற்றைக் கரண்டியில் கட்டிவிட்டு, "ஏறு" என்றார்.

"நான் ஏறலப்பா."

"ஏன்?"

லேகா எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவர் திட்டவில்லை. "ரெண்டு வருஷமா காருக்கு அடியில கெடந்த புள்ளையாச்சே, லேகா" என்றார். அது திட்டை விட மோசமாக இருந்தது.

மொபெட் சத்தம் கேட்டது. "நான் ரெடி! காரு ரெடியா?" என்று நாறும்பூநாதன் வந்து இறங்கினார்.

அவருக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மணி. நிஷா! தோளில் கிணற்றுக் கயிறு முழுவதையும் சுருட்டி மாட்டியிருந்தாள். லேகாவைப் பார்க்காமல் நேராக அப்பாவிடம் போனாள்.

"மாமா, கரண்டிய மட்டும் வாங்கிட்டு வந்தாப் போதுமா? இந்தக் குட்டைத் துணிக்கயிறு என்னத்துக்கு ஆகும்? நேராத் தொங்கும். நேரா இழுத்தா கொக்கி கழண்டு வந்துரும். நீளமா விட்டுச் சாய்ச்சு இழுத்தாத்தான் மாட்டும். நான் எத்தன வாளி எடுத்திருக்கேன்!"

"நல்லதாப் போச்சு. நீயே வந்து மாட்டித் தா" என்றார் அப்பா.

லேகா விலகி வழி விட்டாள். நிஷா ஏறும்போது, "மாமாவுக்காகத்தான் ஏறுதேன்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

ஆமை தண்ணீருக்குள் போனது. நிஷா கரண்டியைப் பைய இறக்கினாள். கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா காரைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். நிஷா கயிற்றை விரலில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாட்டல மாமா... இன்னும் கொஞ்சம் பின்னால... வழுக்குது... ம், கவ்விட்டு!"

கயிறு விறைத்தது. ஆமை காற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பி அப்படியே நின்றது. பக்கத்தில் ஒரு காய்ந்த இலை மிதந்து போனது. கார் போகவில்லை.

"அப்படியே இருங்க!" நாறும்பூநாதனின் கேமரா கடைசிப் படத்தை எடுத்தது. "அருமை அண்ணாச்சி! திங்கக்கிழமை பேப்பரைப் பாருங்க!" அவர் பறந்துவிட்டார்.

காரில் நிஷா வாய் விட்டுச் சிரிப்பது கரைக்குக் கேட்டது. அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் லேகா. அதற்கு ஒரு முழுக் காலைப் பொழுது இருந்தது. அதைக் கெடுத்தது வேறு யாரும் இல்லை. நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாளைக்கு இந்நேரம் நிஷா இங்கே இருக்க மாட்டாள். லேகா அசையாமல் நிற்கும் காரையே பார்த்தாள். ஓட்டுகிறவர் இருக்கையில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அப்பா! கரண்டி நல்லாப் பிடிச்சிருக்கா?"

"நல்லாப் பிடிச்சிருக்கு!"

"அப்போ டிரைவர் எதுக்குப்பா?"

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்துவிட்டார். நிஷாவிடம் திரும்பினார். "என்ன நிஷா, நான் எறங்கட்டுமா?"

நிஷா கரையைப் பார்த்தாள். லேகா தண்ணீரின் ஓரம் வரை வந்து நின்றாள்.

"சரி மாமா. பைய எறங்குங்க, கவுத்திராதீங்க."

அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். லேகாவைத் தோளில் தூக்கிப் போய்த் தன் இருக்கையில் உட்கார வைத்தார். காரின் ஓரத்தைப் பிடித்தபடி வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா தகரம் தட்டுனவன்" என்றார்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர்.

"காலையில எங்கனயாவது ஒழுகுச்சா?" என்று கேட்டாள் நிஷா.

"ஒரு சொட்டு இல்ல. நீ பார்த்த பார்வைன்னு அப்பா சொன்னாங்க."

"ம்." நிஷா தண்ணீரில் கையை விட்டு அளைந்தாள். "நீ உண்மையச் சொல்லியிருந்தா உனக்குச் சீட்டைக் குடுத்திருப்பேன். படம் எடுத்த பெறகு நான் ஏறியிருப்பேன். நாள் பூரா மாறி மாறி ஒக்காந்திருக்கலாம்லா?"

லேகாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஆமா" என்று மட்டும் சொன்னாள். வேறு எதைச் சொன்னாலும் அந்தக் காலை திரும்ப வராது.

பரவாயில்லை என்று நிஷா சொல்லவில்லை. கயிற்றை எடுத்து லேகாவின் கையில் வைத்தாள்.

"கண்ண மூடிட்டு இதப் பிடி. கீழ கவ்வியிருக்கது விரல்ல தெரியும்."

லேகா கண்ணை மூடினாள். தெரிந்தது. எங்கோ அடியில், சேற்றுக்குள், ஏதோ ஒன்று இழுக்க இழுக்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை இரண்டு பேரும் அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான் ஏற்றிய வேன் கிளம்பத் தயாராக நின்றது. லேகா சேறு போகக் கழுவிய கரண்டியோடும் கயிற்றோடும் ஓடி வந்தாள். நிஷா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பித்தளைச் செம்பு.

"இந்தா கரண்டி."

"இப்போ வேண்டாம்" என்றாள் நிஷா. "குலசைக்குக் கொண்டு வந்து குடு. அப்பத்தான் செம்பு."

"ஏட்டி, அந்த வீட்டுல கிணறே இல்லையே, குழாய்தானே?" என்றாள் ஆபிதா பீவி.

"இருக்கட்டும் உம்மா. வழக்கம்னா வழக்கந்தான்."

நிஷா செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேன் திரும்பும்வரை லேகா பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தத் தடவை நிஷாவும் திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை படம் வந்தது. காரில் அப்பாவும் நிஷாவும். 'தாம் உருவாக்கிய காரில் மகளுடன் அம்மையப்பன்' என்று கீழே போட்டிருந்தார்கள்.

"குழவி குளத்துல, செம்பு குலசையில, பேப்பர்ல மகளையும் மாத்திட்டாங்க" என்றாள் அம்மா. "இந்த ஆமை இன்னும் என்னத்தையெல்லாம் கொண்டு போகப் போகுதோ!"

லேகா அந்தப் படத்தைக் கத்தரித்து எடுத்து வைத்தாள். முழுப் பரீட்சை லீவில் குலசைக்குக் கொண்டு போக வேண்டும். லீவுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது.

அந்த வாரமே அடுத்த தெரு வடிவம்மாள் வந்தாள். "பாதாளக்கரண்டி இங்கன இருக்காம்லா? எங்க வாளி விழுந்துட்டு. தா, எடுத்துட்டு ஓடியாந்துருதேன்."

லேகா ஆணியிலிருந்து கரண்டியை எடுத்தாள். நீட்டவில்லை.

"செம்பு எங்க பெரியம்மா?"

"ஏட்டி, நம்ம வீட்டுக்குள்ள என்னட்டி செம்பு?"

"இது நம்ம வீட்டுக் கரண்டி இல்ல பெரியம்மா" என்றாள் லேகா. "நிஷா வீட்டுக் கரண்டி. நான் பத்திரமாத் திருப்பிக் குடுக்கணும்."